மதுரைச் சிறையில் கற்ற பாடம்

அமெரிக்க நாட்டின் அரசியல் சட்டம் 1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் எழுதப்பட்டது. அந்த அவையில் கலந்துகொண்ட 55 பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. நம் நாட்டின் அரசியல் நிர்ணய சபையிலோ 15 பெண்மணிகள் இடம்பெற்றனர். அவர்களுள் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற துர்காபாய் அம்மையாரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. நம் போடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மதுரை, அவர் வாழ்க்கையைத் திருப்பிய ஊர்களுள் ஒன்று. ஆகவே அவரை நாம் அறிந்துகொள்வது பொருத்தமே.

அம்மையார் 1909-ஆம் ஆண்டு ராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதில் மணம் முடித்து வைத்தார்கள். விவரம் தெரிந்த வயதில், இந்த வாழ்க்கை தமக்கு ஏற்றதன்று என்று கணவரிடம் நேரிலேயே சொல்லி, அவர் வேறு மணம் செய்துகொள்ள இசைந்தார். இதைப் படிக்கும் பெற்றோர் புருவத்தை உயர்த்தக்கூடும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கணவர் இறந்தபோது, அவருடைய மனைவிக்கு அடைக்கலம் தந்து, தொழில் கற்றுக்கொள்ள வழி செய்தவரும் இதே துர்காபாய்தான். அவருடைய குணத்தை அறிய எங்களுக்கு இந்த ஒரு செய்தியே போதுமானதாகத் தோன்றியது.

1923-இல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அங்கே நடந்த கண்காட்சியின் வாயிலில் பதினான்கு வயதுத் தொண்டராக நின்றார் துர்காபாய். டிக்கெட் இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. வந்தவர் ஜவாஹர்லால் நேரு. கையில் டிக்கெட் இல்லை. சிறுமி விடவில்லை. பிறகு டிக்கெட் வாங்கிக் கொடுத்தே அவரை உள்ளே அழைத்துச் சென்றார்கள். இதை வேடிக்கைக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். பெரியவர்கள் சூழ்ந்து நின்று அதட்டும்போது அசையாமல் நிற்பது எத்தனை கடினம் என்பது, பள்ளி விழாவில் வாயிற்காவல் நின்ற நமக்கல்லவா தெரியும்!

உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, 1930 முதலான ஆண்டுகளில் மூன்று முறை சிறை சென்றார். மதுரைச் சிறையில், தூக்குத் தண்டனை பெற்றவர்களின் அறைகளை அடுத்து, தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். உடலும் நரம்புகளும் தளர்ந்தன. ஆயினும் அவர் மனத்தை அதிகம் வருத்தியது தம்முடைய துன்பம் அன்று. சிறையில் கண்ட ஏழைப் பெண்களில் பலருக்குத் தங்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் என்னவென்றே தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. எடுத்துச் சொல்ல வக்கீலும் இல்லை. வெளியே சென்றதும் சட்டம் படிப்பது என்று அங்கேதான் அவர் உறுதி கொண்டார்.

இந்த இடத்தில் நம் ஊர்த் தாய்மார்களை நினையாதிருக்க முடியவில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்! காட்டிய இடத்தில் கைரேகை வைத்தே காலம் கழித்த பாட்டிமார் எங்கள் வீடுகளிலும் உண்டு. தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "அது யாருக்குத் தெரியும் தாயி" என்பார்கள்.

சட்டம் படிக்க வேண்டுமானால் முதலில் பள்ளித் தேர்வு எழுத வேண்டும். வயது வந்த பின் அதையும் எழுதித் தேறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு விடுதி இல்லையென்று தயங்கினார்கள். உடனே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் படிக்க விரும்பும் பெண்களைத் திரட்டி, தாமே ஒரு விடுதியைத் தொடங்கிவிட்டார்! பின்னர் சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். இதற்கிடையே 1937-இல் அவர் சென்னையில் நிறுவிய ஆந்திர மகிளா சபை எத்தனையோ பெண்களுக்குக் கல்வியும் மருத்துவமும் தொழிலும் தந்தது.

1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றபோது அவருக்கு வயது 37. சபைத் தலைவர் இல்லாத வேளையில் அவையை நடத்துவோர் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் அவரே. மாநிலங்களவை உறுப்பினராக 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். அறிவு வயதைப் பொறுத்ததன்று என்று வாதாடி, அதை 30 ஆகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். இன்றும் அந்த 30 தான் சட்டம். மொழி விவாதத்தில் அவர் பேசியது இன்னும் வியப்பானது. இளமையிலேயே பெண்களுக்கு இந்திப் பள்ளி நடத்தியவர் அவர். அவரே எழுந்து, இந்திக்காரர்களின் அளவு கடந்த வேகம் தெற்கே உள்ளவர்களின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று எச்சரித்தார். தாம் நேசித்த ஒன்றின் குறையைச் சபையறியச் சொல்வதற்கும் துணிவு வேண்டும்.

பின்னர் திட்டக்குழுவில் பணியாற்றினார். 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். அவ்வாண்டே நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை மணந்தார். சீனப் பயணத்தில் குடும்ப வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் இருப்பதைக் கண்டு, நம் நாட்டிலும் அது வேண்டுமென்று நேருவிடமும் நீதிபதிகளிடமும் வற்புறுத்தி வந்தார். 1981 மே 9 அன்று அம்மையார் மறைந்தார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல் வந்தது. அவர் சிறையிருந்த மதுரையில் இன்று ஒரு குடும்ப நீதிமன்றம் நடைபெறுகிறது.