நாவடங்கினும் எழுத்தடங்காது

பதுளைக் குன்றுகளிலே கைகால் தளர்ந்து கிடப்பார் யாவரையும் ‘வாதம்’ என்னும் ஒரு சொல்லால் வழங்குதல் மரபாயிற்று. திடீரெனத் தாக்கும் பாரிசவாதம் வேறு. தசையை இயக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மாயும் நோய் வேறு. பின்னையதனைப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1869இல் விளக்கினார். ‘அமியோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ்’ என்பது அதன் பெயர். பிரித்து நோக்கின், தசை ஊட்டமிழத்தலும் முள்ளந்தண்டு வடத்தின் பக்கங்கள் இறுகுதலுமே அதன் பொருளாம்.

இதற்கு இனமான நோயொன்று தமிழகத்தின் பெயரையே தாங்கியுள்ளது. சென்னை மருத்துவர்கள் 1970இல் எடுத்துரைத்த ‘மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்’ இளையோரைப் பற்றும், செவிப்புலனையும் குறைக்கும், ஆயினும் மெல்லவே வளரும். முற்கூறிய நோயிலோ பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்தாண்டுகளே வாழ்வர். விதிவிலக்காக ஸ்டீவன் ஹாக்கிங் 1963இல் நோய் அறியப்பெற்று 2018 வரை வாழ்ந்தார்.

முற்றத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. றிலூசோல் சில திங்களே ஆயுளை நீட்டும். ஆதலின், தொடர்ந்து வரும் துன்பங்களைத் தடுத்தலே தலையாய மருத்துவம். விழுங்கும் தசை தளர்ந்தார்க்குத் தண்ணீரினும் கெட்டியான கூழே தீங்கு குறைந்தது. நீர் மூச்சுக்குழலிற் புகின் நுரையீரற் காய்ச்சல் வரும். வயிற்றில் உணவுக்குழாய் பொருத்துவதாயின் மூச்சு வலிமை குன்றுமுன்னரே பொருத்தல் நன்று. காலைத் தலைவலியும் பகலுறக்கமும் இரவில் மூச்சுக் குறைந்தமைக்கு அறிகுறி. அப்போது முகமூடியுடன் கூடிய மூச்சுக்கருவி உதவும். காற்றுமழையில் மின்சாரம் அற்றுப்போகும் தோட்டங்களிலே மாற்று மின்கலமும் வேண்டும். மனைவி கொழுந்தெடுக்க மலையேறிய பின், லயத்து அறையிற் கிடப்பவரைப் புரட்டுவார் யார்? மூட்டுகளை அசைத்து விடுவார் யார்? அயலவர் முறைவைத்து உதவுதலே வழி.

நாவும் கையும் ஓய்ந்த பின்னும் பெரும்பாலும் கண்ணசைவு எஞ்சும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், என் பழைய மாணாக்கன் ஒருவனின் தந்தைக்காக அட்டையொன்றில் எழுத்துப் பலகை எழுதிக் கொடுத்தேன். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று இனத்துக்கு ஆறாக மூன்று வரிசை. கீழே பன்னிரண்டு உயிர். மகன் முதலில் இனத்தையும், பின்னர் மெய்யையும், அதன்பின் உயிரையும் விரலாற் சுட்டுவான். தந்தை வேண்டியவிடத்து இமை தாழ்த்துவார். இங்ஙனம் முப்பது எழுத்தால் உயிர்மெய் அனைத்தும் கைகூடும். அவர் முதலிற் கூட்டிய சொற்றொடர்: ‘கதவைத் திற’. அடைத்த அறையிலே பல நாள் கிடந்தவரின் வேட்கை அன்றுதான் வீட்டார்க்குப் புலனாயிற்று.

ஆசிரிய நண்பர்காள்! குறிலும் நெடிலும் கற்பிக்கும் நாம் இப்பலகையையும் மாணாக்கர்க்குப் பழக்குவோமாக. நோயாளரும் குரல் உள்ளபோதே பழகிக்கொள்ளல் வேண்டும். குரல் போனபின் ஐயம் கேட்க வாயிராது.