கொடும்பாளூர்ப் பிள்ளைக்கு ஒரு கிறிஸ்துமஸ் புத்தகம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ பத்து நாள் கிடைக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் தொடங்கிப் புத்தாண்டோடு முடிந்துவிடும் விடுமுறை. திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வரும் கொடும்பாளூரில் இந்த நாட்களுக்குத் தனி அழகு உண்டு. பருவமழை ஓய்ந்து, வானம் பார்த்த பூமி கொஞ்சம் பச்சை காட்டும். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். வெயில் ஏறும்வரை பிள்ளைகள் போர்வையை விட்டு வர மாட்டார்கள். வீட்டில் ஒரு பெரியவர் படப் புத்தகத்தை விரித்து வைத்துக் கதை சொல்ல இதைவிடத் தோதான காலம் ஆண்டில் வேறு இல்லை.

எந்தப் புத்தகத்தை விரிப்பது?

டவுன் கடையில் ‘கிறிஸ்துமஸ் கதைகள்’ என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிப் புத்தகம்தான். கூரைமேல் அடுக்கடுக்காகப் பனி, கலைமான் பூட்டிய சறுக்கு வண்டி, புகைபோக்கி வழியே இறங்கும் சிவப்பு அங்கித் தாத்தா. இந்தப் படம் பைபிளில் இருந்து வந்ததல்ல. 1823-இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் வெளியான ஒரு பாட்டு கலைமான் வண்டியையும் புகைபோக்கியையும் பரப்பியது. 1863 முதல் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் தாத்தாவுக்கு உருவம் கொடுத்தார். 1931-இல் கோகோ கோலா விளம்பரத்துக்காக ஹாடன் சன்ட்ப்ளாம் தீட்டிய படங்கள் அந்த உருவத்தை உலகம் முழுக்க நிலைக்க வைத்தன.

மூலக் கதையில் இருப்பதோ பெத்லகேம். கல்லும் மேடுமான வறண்ட நிலம். ராத்திரியில் வயல்வெளியில் மந்தையைக் காவல் காக்கும் இடையர்கள். புதுக்கோட்டைச் சீமையில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதே விராலிமலை வட்டாரத்து ஆவூரில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேசு சபைப் பாதிரிமார் கோயில் எழுப்பிவிட்டார்கள். 300 ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் கிறிஸ்துமஸ் பனிமழை இல்லாமலேதான் கொண்டாடப்படுகிறது. ஃபிர் மரம் இல்லாத ஊரில் சவுக்குக் கிளையை வெட்டி நட்டு ஜிகினாத் தாள் சுற்றுகிறார்கள். ஆகவே கிறிஸ்து பிறப்புக் கதைப் புத்தகம் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இடையர்களும் ஆடுகளும் வரும் பக்கத்தை. ஆடு ஆடாக இருக்கிறதா, இடையரின் முகம் வெயில் பட்ட முகமாக இருக்கிறதா என்று பார்த்தாலே ஓவியர் எவ்வளவு அக்கறையோடு வரைந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பனிமழைப் புத்தகமே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பார்க்காததைப் பார்க்க வைப்பதும் படப் புத்தகத்தின் வேலைதான். எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த ‘தி ஸ்னோயி டே’ 1962-இல் வந்தது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி நடக்கிறான், தன் காலடித் தடத்தைத் திரும்பிப் பார்க்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். தூங்கப்போகும் முன் பையைத் துழாவினால் உருண்டையைக் காணோம். கதை அவ்வளவுதான். நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் மிக அதிகமாக இரவல் போன புத்தகம் எது என்று 2020-இல் கணக்குப் பார்த்தபோது இதுதான் முதலிடத்தில் நின்றது: 4,85,583 முறை. குச்சி ஐஸைப் பிறகு தின்னலாம் என்று எடுத்துவைத்து ஏமாந்த எந்தப் பிள்ளைக்கும் பீட்டரின் துக்கம் புரியும். அதற்குப் பனி பெய்யும் ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

ரேமண்ட் பிரிக்ஸின் ‘தி ஸ்னோமேன்’ (1978) இன்னும் வசதி. அதில் ஒரு சொல்கூட இல்லை. வண்ணப் பென்சில் ஓவியங்களாலேயே முழுக் கதையும் நகர்கிறது. எழுத்து இல்லாததால் கொடும்பாளூர்ப் பாட்டி கொடும்பாளூர்த் தமிழிலேயே கதை சொல்லிக்கொண்டு போகலாம். இன்னொரு செய்தி: இந்தப் புத்தகத்தில் கிறிஸ்துமஸே வராது. 1982-இல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோதுதான் கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சேர்த்தார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பனிமழை புதிதும் அல்ல. ஒரு தலைமுறையே அதை மாஸ்கோவிலிருந்து வந்த புத்தகங்களில் பார்த்து வளர்ந்தது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவில் தங்கியே மொழிபெயர்த்தார்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அந்த நூல்களைத் தமிழ்நாட்டு ஊர்களுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது. அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’, ஓல்கா பெரோவ்ஸ்கயாவின் ‘குழந்தைகளும் குட்டிகளும்’ ஆகியவற்றை வாசித்தவர்கள் இன்றும் முதலில் நினைவுகூர்வது அவற்றின் ஓவியங்களைத்தான். கெட்டி அட்டை, நல்ல தாள், எல்லோரும் வாங்கக்கூடிய விலை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. அந்த விலையில் அந்தத் தரம் என்ற இடம் தமிழில் இன்னும் முழுமையாக நிரம்பவில்லை.

இதைப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சொல்லும்போது மனம் கூடுதலாக வலிக்கிறது. தமிழ்க் குழந்தை இலக்கியத்தின் இரண்டு பெரிய பெயர்கள் இந்த மாவட்டத்துப் பெயர்கள். ‘குழந்தைக் கவிஞர்’ அழ. வள்ளியப்பா 1922-இல் இராயவரத்தில் பிறந்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார்; 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். வாண்டுமாமா 1925-இல் அரிமளத்தில் பிறந்தார். ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ இதழ்களில் அவர் எழுத, ஓவியர் செல்லம் வரைய, சித்திரக்கதைக்காகவே தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்த பிள்ளைகள் உண்டு. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரை எத்தனை பேருக்குப் பெயர் சொல்லத் தெரியும்? படம் எல்லோருக்கும் தெரியும், வரைந்தவரைத் தெரியாது.

தேர்வுக்கான முதல் விதியை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் ஓவியரின் பெயர் இருக்கிறதா? எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரும் அச்சாகியிருந்தால், அந்தப் பதிப்பகம் படத்தை அலங்காரமாக நினைக்கவில்லை, கதையின் பாதியாக நினைக்கிறது என்று நம்பலாம். பெயரே இல்லாமல், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கணினிப் படங்களோடு வரும் பளபளப்புப் புத்தகங்களைத் தயங்காமல் திருப்பி வைத்துவிடலாம்.

அடுத்தது, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டிப் பார்ப்பது. கதை ஓரளவாவது பிடிபட வேண்டும். கொடும்பாளூரில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் சிற்றரசன் தன் பெயரிலும் இரு மனைவியர் பெயரிலும் எழுப்பிய மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டைப் படிக்க அறிஞர் வேண்டும். அர்த்தநாரியையும் யானையை உரித்த சிவனையும் ‘படிக்க’ ஐந்து வயதுப் பிள்ளை போதும். பக்கத்தில் கதை தெரிந்த ஒருவர் இருந்தால் சரி.

மூன்றாவது காரியம் கடையிலேயே இரண்டு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது. நாக்கு தடுக்கினால் வேண்டாம். ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்த வாக்கியம் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று கட்டம் கட்டியிருந்தால், அந்தக் கதைமேல் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

இந்தச் சோதனைகளில் தேறும் புத்தகங்கள் சென்னையிலேயே உருவாகின்றன. 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே கதையைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ மழையில் நனைந்து சளி பிடித்துக்கொண்ட கோயில் யானையின் கதை. அது போடப்போகும் தும்மலுக்காகப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். மூக்கு ஒழுகும் மார்கழிக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். அம்மாவின் சேலையைப் பற்றி சந்தியா ராவ் எழுதி நீனா சப்னானி படம் செய்த புத்தகத்தில் நிஜச் சேலைகளின் புகைப்படங்கள்மீது தீட்டிய பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கு அது சொந்தக் கதை. கொஞ்சம் செலவு செய்ய முடிகிறவர்கள் தாரா பதிப்பகத்தின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைப் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள், கறுப்புத் தாளில் கையாலேயே திரை அச்சு செய்யப்பட்டவை. இரவில் விளக்கடியில் பார்க்க வேண்டிய புத்தகம்.

வட்டாரத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. ஆவூர்க் கோயிலை எழுப்பிய அதே சேசு சபையைச் சேர்ந்த இத்தாலியர் வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதை. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கும் அந்த குருவையும் சீடர்களையும் 1861-இல் லண்டன் பதிப்பகம் ஒன்று ஆல்ஃபிரட் கிரோக்வில் வரைந்த 50 ஓவியங்களோடு ஆங்கிலத்தில் வெளியிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் லண்டன் பனியைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே லண்டன் பிள்ளைகள் நம் குருவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்தக் கதையை எடுத்தால் கூடத்தில் பெரியவர்களும் வந்து உட்கார்வார்கள்.

கொடும்பாளூருக்கென்றே படப் புத்தகமாக வந்தாக வேண்டிய கதை இடங்கழி நாயனாருடையது. பெரிய புராணம் சொல்லும் 63 பேரில் ஒருவர்; இந்த ஊரை ஆண்ட அரசர். அடியார்களுக்குச் சோறு போட வழியில்லாத ஒருவர் அரண்மனை நெற்களஞ்சியத்தில் இரவில் புகுந்து அகப்படுகிறார். விசாரித்த அரசர் தண்டிக்கவில்லை. அடியார்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊரறியப் பறையறைவிக்கிறார். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான மைரா நகரத்து ஆயர் நிக்கோலஸ் கதையிலும் இரவுதான். ஏழைத் தகப்பனின் மூன்று பெண்களுக்காகப் பொன் முடிப்புகளை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போகிறார் அவர். ஒருவர் கொடுக்க இரவில் வருகிறார், ஒருவர் எடுக்க இரவில் வருகிறார். இரண்டிலும் பசித்தவர் பக்கம்தான் கதை நிற்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கேட்கும் பிள்ளை பண்டிகையின் பொருளைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். களஞ்சியத்தின் இருட்டு, சிந்திக் கிடக்கும் நெல், தீவட்டி வெளிச்சம் என்று ஓர் ஓவியருக்கு இதில் எவ்வளவு இருக்கிறது!

வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமே என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்லக் கூடாது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக் கிராமங்களைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அன்று கற்ற பலர் இன்று பாட்டிகள். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், பக்கம் நிறையப் படம் என்று இருக்கும் புத்தகம் பேரப் பிள்ளைக்கு எவ்வளவு தோதோ அவர்களுக்கும் அவ்வளவு தோது. இருவரும் சேர்ந்தே எழுத்துக் கூட்டலாம்.

பணம் ஒரு தடைதான். ஆனால் தாண்ட முடியாத தடை அல்ல. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். கைபேசியில் திறக்கலாம், பள்ளியில் அச்சிட்டும் கொடுக்கலாம். அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படியாகப் பிரித்து மெல்லிய படப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. அவை விடுமுறையில் பீரோவுக்குள் இருப்பதால் யாருக்கும் பயனில்லை. டிசம்பர் 23-ஆம் தேதி பிள்ளைக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தனுப்பும் தலைமை ஆசிரியர், திரும்பி வரும்போது ஓரம் கிழிந்திருந்தாலும் கடிந்துகொள்ள வேண்டாம். கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம்.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐஸ்லாந்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்றப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு இருக்க, தாள் மட்டும் ஓரளவு கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் கொடுக்கும் வழக்கம் அங்கே அப்படித்தான் வேர்பிடித்தது. இன்றும் பண்டிகைக்கு முன்பே புதிய நூல்களின் பட்டியல் வெளியாகிறது. தமிழில் புதிய புத்தகங்கள் சென்னைப் புத்தகக் காட்சியைக் கணக்கிட்டு, ஜனவரியை ஒட்டி வருகின்றன. அதற்குள் பிள்ளைகளின் விடுமுறை தீர்ந்துவிடுகிறது. சிறுவர் நூல்களை மட்டுமாவது இரண்டு மாதம் முன்னே, நவம்பர் 7 வள்ளியப்பா பிறந்த நாளுக்குள் கொண்டுவரலாம்.

கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியில் சாக்லேட்டோடு இரண்டு தமிழ்ப் படப் புத்தகங்களையும் வையுங்கள். ஒன்று வீட்டுப் பிள்ளைக்கு. இன்னொன்றை ஊர் நூலகத்துக்கோ அரசுப் பள்ளிக்கோ கொடுத்துவிட்டுப் போங்கள்.