நாய்க்குக் காய் தரலாம், குழம்பு வேண்டாம்

ஆரணியில் விடிந்ததும் தறியில் உட்காரும் வீடுகளில் நாய்க்கென்று தனியாக உலை வைக்க நேரம் ஏது? மிஞ்சிய சோற்றில் சாம்பாரையோ காரக்குழம்பையோ ஊற்றிப் பிசைந்து வைப்பார்கள். நாலு காய் சேர்ந்தால் நாய்க்கும் சத்துதானே என்று தோன்றும். காய் சத்துதான். கூடவே தட்டில் விழும் வெங்காயமும் பூண்டும்தான் வினை.

எது ஆபத்து?

வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், தாளிப்பு வடகம் எதற்கும் விலக்கில்லை. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே பாதிப்பு தொடங்கலாம். 10 கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது ஓரிரண்டு பெரிய வெங்காயம் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல்தான். சாப்பிட்ட அன்றே ஒன்றும் தெரியாமல், சில நாள் கழித்துச் சோர்வு, மூச்சிரைப்பு, வெளுத்த ஈறு, சிவந்தோ பழுப்பாகவோ போகும் சிறுநீர் என்று வெளிப்படும்.

திராட்சையும் பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பச்சை உருளைக்கிழங்கு ஆகாது. மக்காச்சோளக் கட்டை குடலை அடைத்துவிடும்.

எதைத் தரலாம்?

கேரட், பீன்ஸ், பூசணி, சர்க்கரைவள்ளி. தோல், விதை நீக்கி, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து மசித்துத் தரவேண்டும். தனி அடுப்பு தேவையில்லை. குக்கரில் சோறு வைக்கும்போது மேல்தட்டில் ஒரு கிண்ணம் வைத்தால் போதும். முதலில் ஒரு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். வயிற்றால் போனால் நிறுத்திவிடுங்கள். காய் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நாய்க்குச் சோறு செரிக்கும். ஆனாலும் முட்டை, கோழி, ஈரல் போன்ற புரதம் இல்லாமல் உடம்பு தேறாது.

தின்றுவிட்டால்?

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதுவே உயிருக்கு உலை வைக்கும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால், மருந்து கொடுத்து வாந்தி எடுக்கவைக்க மருத்துவருக்கு வாய்ப்பு உண்டு. கால்நடை ஆம்புலன்ஸ் உதவிக்கு 1962 எண்ணை அழைக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் தண்ணீரும் தராமல் விடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். தெருநாயானாலும் விஷம் வைத்துக் கொன்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களுக்கு ஒன்று. கண்ட இடத்தில் வைக்கக்கூடாது, வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் வார்டில் அப்படி இடம் இல்லையென்றால், அக்கம்பக்கத்தாரோடு சண்டை போடுவதை விட்டு, நகராட்சியில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.