சுலபமாக்குவதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

2004 பிப்ரவரியில் எரிக் ரேமண்ட் ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டினார். திறமூல மென்பொருள் இயக்கத்தின் பெரிய பிரசாரகர் அவர். வீட்டில் வேறொரு கணினியோடு இணைந்திருந்த பிரிண்டரை ‘கப்ஸ்’ என்ற அச்சு மென்பொருள் வழியாக இயக்கப் பார்த்தார். திரை கேட்ட கேள்விகள் அவருக்கே விளங்கவில்லை. கோபத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எழுதுபவருக்குத் தன் சொந்தத் தொந்தரவைத் தீர்க்கும் வேகம் வரும்போதுதான் நல்ல மென்பொருள் பிறக்கிறது என்று 1997-லேயே வாதாடியவர் அவர். அந்த விதி உண்மைதான். சிக்கலின் வேரும் அதிலேயே இருக்கிறது. மென்பொருளை எழுதியவருக்கு எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியும். குழப்பமான திரை அவரைத் தொந்தரவு செய்வதில்லை. தொந்தரவுக்கு ஆளாகிறவர் நிரல் எழுதுவதில்லை.

இந்த இடைவெளியை நல்ல வடிவமைப்பாளர் ஒருவர் வந்தால் அடைத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தவை வேறு மாதிரி சொல்கின்றன. திறமூலச் சமூகங்களில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை, சம்மதத்துக்குத்தான் பஞ்சம். சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தில் மேலதிகாரி உத்தரவு போடலாம். தன்னார்வலர்களிடம் உத்தரவு செல்லாது; அவர்கள் தாங்களே நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது, தொடங்கும்போதே தேட வேண்டும். இதை மிகத் தெளிவாகக் காட்டியது, லினக்ஸ் கணினிகளுக்கு மேசைத்தளம் உருவாக்கும் க்னோம் திட்டம். 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், க்னோமைப் பழகாத 12 பேரை உட்காரவைத்துச் சில வேலைகளைச் செய்யச் சொல்லி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தது. அறிக்கையைப் பூட்டிவைக்காமல் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால், ‘என் கருத்து இது’ என்று இரண்டு நிரலாளர்கள் மோதிக்கொள்வதற்கும் ‘இந்த இடத்தில் ஆட்கள் வழி தெரியாமல் நின்றார்கள்’ என்று எழுத்தில் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. 2002-ல் இடைமுக வழிகாட்டு நெறிகளும், தேவையற்ற அமைப்புகளைக் குறைத்த க்னோம் 2.0-வும் வந்தன. எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை: 2005-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே போட்டி மேசைத்தளத்தைச் சுட்டி ‘கேடீஇ-க்குப் போய்விடுங்கள்’ என்று பயனர்களுக்கு அறிவுரை சொன்னார். அவரே சொல்லியும் க்னோம் தன் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை.

சம்மதம் தேடாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம். விக்கிக் குறியீடுகளைக் கற்றுக்கொள்ளாமலேயே கட்டுரைகளைத் திருத்த உதவும் விஷுவல் எடிட்டர், 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் இயல்பான தேர்வாக வைக்கப்பட்டது. புதியவர்கள் குறைந்துவருவதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் கருவி அரைகுறை நிலையில் இருந்தது. கட்டுரைகளுக்குள் வேண்டாத ‘நோவிக்கி’ குறிகளைத் தூவிவிட்டது. அந்தக் குப்பையைக் கூட்டியவர்கள் பழைய பங்களிப்பாளர்கள். செப்டம்பரில் அவர்களில் நிர்வாகி ஒருவர் தளத்தின் நிரலையே திருத்தி, விஷுவல் எடிட்டரை விரும்புவோருக்கு மட்டும் என்று மாற்றினார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே அறக்கட்டளை ‘வெக்டர் 2022’ தோற்றத்தைக் கொண்டுவந்தபோது வேறு வழியில் போனது. 2020-லிருந்தே பிரெஞ்சு உள்ளிட்ட சில விக்கிப்பீடியாக்களில் சோதித்தார்கள். உரையின் அகலம் குறுகிவிட்டதே என்ற புகாருக்கு, அகலத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்தார்கள். பழைய தோற்றம் வேண்டியவர்களுக்கு அதை அமைப்புகளில் விட்டுவைத்தார்கள். 2023 ஜனவரியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் கூச்சல் எழுந்தது. ஆனால் இம்முறை மாற்றம் நிலைத்தது.

பழைய பயனர்களின் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது வடிவமைப்பாளர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். பல ஆண்டுகள் சமைத்தவரின் அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருந்த இடத்தில் மிளகை வைத்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம். பழகிய கையின் வேகம் அவர் உழைத்துச் சேர்த்த சொத்து. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் இதைப் புரிந்துகொண்டது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலப்பொத்தானை அழுத்த வேண்டும் என்ற அதன் வினோத வழக்கம் புதியவர்களைத் திணறடித்தது. 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் இடப்பொத்தானே இயல்பாயிற்று. ஆனால் முதல்முறை திறக்கும்போதே ‘உங்களுக்கு எந்தப் பொத்தான்?’ என்று கேட்டது. இன்னொன்றும் இருக்கிறது: ஆம்ஸ்டர்டாமில் ஓவியர்களும் நிரலாளர்களும் ஒரே இடத்தில் அமர்ந்து, இன்னும் வெளிவராத பதிப்பிலேயே ‘ஸ்பிரிங்’ என்ற குறும்படத்தை எடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் திணறுவதைப் பார்த்த பிறகு ‘அது பயனரின் அறியாமை’ என்று சொல்வது கடினம்.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது என்பது வலுவான மறுப்பு. 2011-ல் க்னோம் 3 பழைய மேசைத்தளத்தைத் துணிந்து கலைத்தது; இன்று உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடுகள் இரண்டிலும் அதுவே இயல்பான முகம் என்று சுட்டிக்காட்டலாம். உண்மைதான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தில் மேட், சின்னமன் என்று தனியே பிரிந்துபோன திட்டங்கள் இருக்கின்றன. அங்கே போன உழைப்பும் இருக்கிறது. பொத்தானின் நிறத்துக்கெல்லாம் வாக்கெடுப்பு நடத்தச் சொல்லவில்லை. முடிவைச் சிலரே எடுக்கட்டும். எந்தச் சான்றை வைத்து எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

‘நிரல் எழுதுகிறவருக்கே பேச உரிமை’ என்ற பழைய வாதமும் இன்னும் சாகவில்லை. நிரலில் உள்ள பிழையைக் கண்டுபிடித்துச் சொல்பவரைப் பங்களிப்பாளர் என்கிறோம். திரையில் உள்ள பிழையைக் காட்டுபவரை மட்டும் ‘சும்மா கருத்துச் சொல்பவர்’ என்பது எந்த நியாயம்? அதற்காகப் பயனர் பக்கம் பொறுப்பில்லை என்று ஆகாது. ‘இது மோசம்’ என்ற புகாரால் யாரும் எதையும் திருத்த முடியாது. லிப்ரேஆபிஸிலோ ஃபயர்பாக்ஸிலோ உங்களைத் தடுமாறவைக்கும் இடம் ஒன்று இருந்தால், என்ன செய்ய நினைத்தீர்கள், எதை அழுத்தினீர்கள், என்ன நடந்தது என்ற மூன்றையும் திரைப்பிடிப்போடு வழு அறிக்கையாக எழுதி அனுப்புங்கள். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.