கோல்லம் நல்லவனா, கெட்டவனா? துருக்கியில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது.

துருக்கியில் குடியரசுத் தலைவரை அவமதித்தால் ஓராண்டு முதல் நான்காண்டு வரை சிறை. தண்டனைச் சட்டத்தின் 299-வது பிரிவு அது. நாலு பேர் அறியச் செய்தால், தண்டனையில் ஆறில் ஒரு பங்கு கூடும்!

அந்நாட்டு மருத்துவர் ஒருவர், அதிபர் எர்துவானின் படங்களையும் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைப்படத்தில் வரும் கோல்லம் என்ற பாத்திரத்தின் படங்களையும் ஜோடி சேர்த்து சமூக ஊடகத்தில் போட்டார். இவர் சாப்பிடுகிறார், அதுவும் சாப்பிடுகிறது. இவர் வியக்கிறார், அதுவும் வியக்கிறது. அரசு மருத்துவர் வேலை போனது, வழக்கும் வந்தது. நீதிபதியோ அந்தத் திரைப்படத்தை முழுதாகப் பார்த்தவரில்லை. கோல்லத்தோடு ஒப்பிடுவது அவமதிப்புதானா என்று ஆராய, 2015 டிசம்பரில் ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்துவிட்டார். அதில் சினிமா அறிந்தவர் ஒரே ஒருவர்!

படத்தை இயக்கிய பீட்டர் ஜாக்சனும் சாட்சி சொல்லாத குறையாக உள்ளே வந்தார். மருத்துவர் போட்ட படங்களில் இருப்பது கோல்லமே அல்ல, அதன் இன்னொரு முகமான ஸ்மீகல், பரம சாது என்றார்.

2021-ல் வேறொரு வழக்கில், இந்த 299-வது பிரிவு கருத்துரிமைக்கு முரணானது, அதைத் திருத்த வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் துருக்கியிடம் சொன்னது.