பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கும் வயது

கல்வராயன் மலையில் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கும் விடுதிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து மூன்று வேளைச் சோறும் படுக்க இடமும் முடிந்துவிடுகின்றன. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சின்ன வயதிலேயே சேர்ந்தவர்கள் உண்டு. வெள்ளிமலை ஏகலைவா பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதிதான். தட்டு, டம்ளர், போர்வையைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நிற்கும் அந்தப் பிள்ளைக்கு இனி என்ன என்று கேட்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

காப்பகத்தில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் கதை வேறு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவில், 18 வயது நிரம்பி வெளியேறுகிறவருக்குப் பண உதவி தரலாம் என்கிறது. பிற்காப்பு என்று பெயர். 21 வயது வரை கிடைக்கும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். பழங்குடியினர் நலத் துறையின் விடுதி இந்தச் சட்டத்தின் கணக்கில் காப்பகம் ஆகாது. வருஷக்கணக்கில் வளர்த்த அரசு, பெயர்ப்பலகையைக் காட்டிப் பொறுப்பைக் கைகழுவுவது சரியல்ல. பிற்காப்பு விடுதிப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். அவர்களுக்குத்தான் அப்பா அம்மா இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள், பல வீடுகளில் வருஷத்தில் பாதி நாள் கேரளத்தில் மிளகு பறித்துக்கொண்டோ கர்நாடகக் காப்பித் தோட்டத்திலோ. கல்லூரி விண்ணப்பத்தைப் படித்துச் சொல்ல அவர்களால் ஆகாது என்பதுதானே விடுதியில் விட்டதற்கே ஒரு காரணம்?

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே என்பது அடுத்த கேள்வி. நல்ல திட்டங்கள்தான், ஆனால் மேற்படிப்பில் சேர்ந்தவருக்கே அந்தப் பணம். பழங்குடியினர் ஒதுக்கீட்டு இடத்தில் சேர எஸ்.டி. சான்று வேண்டும், அதைக் கோட்டாட்சியர்தான் தர முடியும். இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் மலைமக்கள். தென்னார்க்காடு, சேலம், தருமபுரி போன்ற சில பழைய மாவட்டங்களில் மட்டுமே அந்தப் பெயர் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. அதனால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பையன் சான்றுக்காகத் திரும்ப மலையேற வேண்டும். ஏறினால் அப்பாவின் சான்று கேட்பார்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலையில் தாத்தா காலத்துக் காகிதம் எத்தனை வீட்டில் இருக்கும்?

பணம் மட்டும் போதாது என்பதற்குக் கள்ளக்குறிச்சியிலேயே ஓர் உதாரணம். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் வைப்புத் தொகையும் அரசு அறிவித்தது. அவர்கள் மலைமக்கள் அல்லர். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 18 ஆனதும் மாதப் பணம் நிற்கும், மொத்தப் பணம் கைக்கு வரும். அன்றைக்குப் பாஸ்புக்கை யாரிடம் காட்டி யோசனை கேட்பது?

விடுதிப் பிள்ளைகளுக்கும் பிற்காப்பு கொடுத்தால் சோம்பேறியாவார்கள் என்பவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பதினெட்டில் வெளியே அனுப்புவதில்லை. கனடாவில் வளர்ப்பு இல்லக் குழந்தைகளில் பாதிக்கு மேல் பூர்வகுடியினர். அங்கே 2022 முதல் அவர்களில் ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ பிரிவினருக்கான உதவி 26ஆவது பிறந்தநாள் வரை நீள்கிறது. கல்வராயனில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பிலேயே விடுதியில் முகாம் போட்டு எஸ்.டி. சான்று, வங்கிக் கணக்கு. வெளியேறிய பிறகு மூன்று வருஷம் போனில் கிடைக்கும் ஓர் ஆள், மலையாளிகளிலேயே படித்தவராக. கள்ளக்குறிச்சியில் தங்க ஓர் அறை. மலையிலேயே இருந்து வன உரிமைப் பட்டா நிலத்தில் பயிர் வைக்கிறேன் என்கிற பெண்ணுக்கும் மாதம் அதே 4,000 ரூபாய்.