இணையக் கடையும் நமது சங்கச் சரக்கும்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் சன்னிதியில் அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ நடவாத நாள் அரிது. அங்கு மணிவிழாக் காணும் தம்பதிகளில் பலர், சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வாழும் மக்களைப் பெற்றவர்கள். விழா முடிந்து ஊர் திரும்பும் அம்மக்கள், அம்மாவுக்கு உடுத்திய சேலையைப் போல் இன்னொன்றும், விருந்தில் உண்ட அரிசியில் ஐந்து கிலோவும் வேண்டுமென்று ஓராண்டு கழித்து விரும்பினால் யாரைக் கேட்பார்கள்? கைப்பேசியில்தான் தேடுவார்கள். அங்கே "கூறைநாட்டுச் சேலை" என்ற பெயரில் கிடைப்பது, கூறைநாட்டுத் தறியையே கண்டிராத விசைத்தறிச் சரக்காக இருக்கக்கூடும். வாங்கியவருக்குப் பணம் நஷ்டம். நெய்பவருக்கோ பெயரும் பிழைப்பும் நஷ்டம். ஆதலின் இணையவழி விற்பனையைப் பற்றி அங்கத்தினர்கள் அறிய வேண்டியவற்றை இங்கு விளக்குவோம்.

பிற நாட்டார் செய்வது

ஆர்மேனியா என்னும் சிறு நாட்டின் ஜனத்தொகை ஏறத்தாழ 30 லட்சமே. அந்நாட்டுக்கு வெளியே வாழும் ஆர்மேனியரோ அதனினும் மிகுதி. அவர்களில் வணிகர் சிலர் முற்காலத்தில் நம் சென்னையிலும் வாழ்ந்து, நம் நாட்டுத் துணியிலும் வாணிபம் செய்தனர். ஆர்மேனியன் தெருவும், 1772-ல் கட்டப்பெற்ற தேவாலயமும் இன்றும் அதற்குச் சான்று. அம்மொழியின் முதல் பத்திரிகை 1794-ல் அச்சானதும் சென்னையிலேயே.

இன்று அவர்களுடைய கம்பளம், மரவேலை, உலர்பழம் ஆகியவை இணையக் கடைகள் வழியே கடல் கடந்த உறவினரை அடைகின்றன. பிறந்த மண்ணின் நினைவே அச்சரக்கின் பாதி மதிப்பு. நம்மவரும் உலகெங்கும் பரவியுள்ளனர். யாழ்ப்பாணத் தமிழர் மணப்பெண்ணின் சேலையைக் "கூறை" என்றே சொல்கின்றனர். எனவே வாங்குவோர் நமக்கும் உண்டு.

நம்மிடம் உள்ளவை

மயிலாடுதுறை நகரின் ஒரு பகுதியாகிய கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்து கட்டமிட்டு நெய்யும் சேலைக்குப் பேர்பெற்றது. திருபுவனம் பட்டுச்சேலை விசிறி மடிப்புக்குப் பெயர்போனது. 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. சுவாமிமலை வெண்கலப் படிமம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சைத் தலையாட்டிப் பொம்மை ஆகியவையும் அத்தகைய குறியீடு பெற்றவையே. விவசாயிகளிடமோ தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி முதலிய நெல்வகைகள் உள்ளன.

தொட்டுப் பார்க்க இயலாத கடை

நேர்க் கடையில் வாங்குபவர் முந்தியை விரித்துப் பார்ப்பார். அரிசியை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். இணையக் கடையில் அவருக்குக் கையும் கண்ணும் நாம் எழுதும் விவரமே. அது பிசகினால் சரக்கு நல்லதாயினும் விற்பனை கெட்டது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைச் சொல்வோம். அரக்கு நிறச் சேலையொன்றை இரவில், குழல்விளக்கின் கீழ்ப் படமெடுத்து வெளியிட்டிருந்தனர். படத்தில் அது குங்குமச் சிவப்பாகத் தோன்றியது. மணிவிழாவுக்கென்று வாங்கிய வெளியூர் அன்பர் உறையைப் பிரித்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். நெசவில் ஓர் இழையும் பிசகில்லை, குறையெல்லாம் படத்தில். அச்சேலை ஆறு மாதம் அலமாரியில் கிடந்தது.

ஆகவே சேலையாயின், பாவு எந்த நூல், ஊடை எந்த நூல், சரிகை அசலா அன்றா, நீளம் எத்தனை, ரவிக்கைத் துண்டு உண்டா, துவைக்கும் முறை யாது என்பனவற்றை எழுதுக. பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, முந்தி, கரை, உடல் மூன்றையும் காட்டுக. அரிசியாயின், நெல்லின் பெயர், அறுவடை ஆண்டு, பச்சையா புழுங்கலா, எவ்வளவு தீட்டியது என்பவை வேண்டும். கலப்பு இருந்தால் கலப்பென்றே எழுதுவது நலம்.

லாபக் கணக்கு

உதாரணமாக, சேலையின் விலை 3,000 ரூபாய் என்று கொள்வோம். நூலுக்கும் கூலிக்கும் 2,200, இணையக் கடையின் கழிவு 450, தபால் 150, பெட்டிச் செலவு 50. மீதி 150 ரூபாய். சேலை திரும்பி வருமாயின், கழிவைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்தாலும், போக வரத் தபாலும் பெட்டியுமாக 350 ரூபாய் கைநஷ்டம். அதாவது, ஒரு சேலை திரும்பினால் வேறு இரண்டு சேலைகளின் ஆதாயம் முழுவதும் போய், மூன்றாவதிலும் 50 ரூபாய் குறையும். உண்மை விவரம் எழுதுவது தருமம் மட்டுமன்று, சிக்கனமும் ஆகும்.

சட்டம் கேட்பவை

புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதைப் பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் பதிவேட்டில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னையிலேயே உள்ளது. துணிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரையும், பட்டுக்கு 2004 முதல் பட்டு முத்திரையும் உள்ளன. அரிசியோ பலகாரமோ பொட்டலமிட்டு விற்கும் சங்கம், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணைப் பெற்று அச்சிட வேண்டும். நிகர எடை, உச்ச விலை, பொட்டலமிட்டவரின் முகவரி ஆகியவையும் அவசியம்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத சரக்கைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை அனுப்பி, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

சங்கமாகவே செய்க

படம், விவரம், பதிவு, கட்டு, புகார், கணக்கு என்னும் இத்தனையையும் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தனியே செய்வது கடினம். சங்கம் செய்வது எளிது. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் இணையத்திலும் விற்கிறது. நெசவாளரும் கைவினைஞரும் நேரே விற்பதற்கென்று மத்திய அரசு 2023-ல் "இந்தியா ஹேண்ட்மேடு" என்னும் இணையக் கடையைத் திறந்தது. வெளிநாட்டுப் பார்சலுக்கான சுங்கப் படிவங்களை முடித்துத்தர, 2022 முதல் தபால் இலாகா ஏற்றுமதி மையங்களை நடத்திவருகிறது. உணவுப் பொருளை அனுப்புமுன் அந்தந்த நாட்டின் இறக்குமதி விதியை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஐந்தே வகைச் சரக்கைத் தேர்ந்தெடுங்கள். படித்த இளைஞர் ஒருவரை இப்பணிக்கு அமர்த்துங்கள். அவர் எழுதும் விவரத்தை நெய்தவரிடமோ விளைத்தவரிடமோ படித்துக்காட்டி, அவர் "சரி" என்ற பின்னரே வெளியிடுங்கள். திருக்கடையூரில் தாய்க்குச் சேலை உடுத்தி மகிழ்ந்த மகள், கடலுக்கு அப்பாலிருந்து நம் சங்கத்தின் பெயரைத் தேடும்போது அசல் சரக்கே அவளுக்குக் கிடைக்கட்டும்.